மச்சானும் மடாலயமும்

என் மச்சான் இருப்பது ஜெர்மனியில், கொலோன் நகரத்தில். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் சாக்லேட்டோடு செல்போனில் ஒரு மடாலயத்தையும் கொண்டுவருவார். இந்த முறை மரியா லாக். 1093இல் தொடங்கியது, ஆறு கோபுரம், பக்கத்திலேயே எரிமலைப் பள்ளத்தில் தேங்கிய ஏரி. "இதெல்லாம் ரோமனெஸ்க் ஸ்டைல், மாப்ளே. கனமான சுவர், அரைவட்ட வளைவு. உங்க நெய்வேலியில என்ன இருக்கு?"

வளைவுதானே என்று ஆர்ச் கேட்டுக்கு அழைத்துப்போனேன். மச்சான் செல்போனைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. எங்கள் சுரங்கக் கம்பெனியே 1956இல் பிறந்தது. வட்டத்துக்கு வட்டம் நம்பர் போட்ட எங்கள் டவுன்ஷிப்பில் பழமை என்றால் ரிட்டையர் ஆனவர்கள்தான். கோடி வருஷக் கணக்கில் பழையது ஒன்று பூமிக்கடியில் இருக்கத்தான் இருக்கிறது. அதைத் தினமும் வெட்டியெடுத்து எரித்துவிடுகிறோம்.

மடாலயமும் இந்தப் பக்கம் இருந்ததுதான். கடலூர்த் திருப்பாதிரிப்புலியூரில் சமணப் பள்ளி. கி.பி. 458இல் சர்வநந்தியின் 'லோகவிபாகம்' என்ற நூல் உருவானது அங்கேதான் என்பார்கள். அப்பர்கூட தருமசேனர் என்ற பெயரில் அங்கே இருந்தவர். பிறகு பல்லவ ராஜா சைவத்துக்கு மாறி, பள்ளியை இடித்துத் திருவதிகையில் சிவனுக்குக் கோயில் எடுத்துவிட்டார் என்கிறது பெரியபுராணம். "உங்க மடாலயத்தைவிட அறுநூறு வருஷம் மூத்தது மச்சான்" என்றேன். "எங்க, காட்டுங்க" என்றார். "இப்ப இல்ல." அவர் சிரித்த சிரிப்பில், இனி வடலூர்தான் கதி என்று ஆயிற்று.

வடலூரில் வள்ளலார் மடம் கட்டவில்லை. ஊர்க்காரர்கள் எண்பது காணி எழுதிக் கொடுத்த நிலத்தில் 1867 மே 23 அன்று அவர் முதலில் திறந்தது சோறு போடும் தருமசாலை. கும்பிட சத்திய ஞான சபை வந்தது 1872 ஜனவரியில். சோறு முன்னால், சாமி பின்னால் என்ற இந்த வரிசை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

சபை எட்டு முகம் கொண்டது. உள்ளே சிலை கிடையாது, ஜோதிதான். அதை மறைத்து ஏழு நிறத்தில் ஏழு திரை. ஏழும் விலகுவது தைப்பூசத்தன்று. மேல்மண்ணை அள்ளித் தள்ளினால்தான் கரி தெரியும் என்ற ஊர்க்காரனுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. "நிறுவனர் கல்லறை எங்கே?" என்றார் மச்சான். மரியா லாக்கில் கோயிலுக்குள்ளேயே இருக்கிறதாம். இங்கே கல்லறை இல்லை. 1874 ஜனவரி 30 அன்று மேட்டுக்குப்பத்தில் ஓர் அறைக்குள் போனவர் வெளியே வரவில்லை. ஜோதியில் கலந்துவிட்டார் என்பது நம்பிக்கை. மச்சானின் செல்போனில் இதற்குப் பதில் இல்லை.

வாசலில் வந்தது வினை. கொலையும் புலாலும் விட்டவர்கள் மட்டும் உள்ளே வரலாம் என்று எழுதியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை. காலையில் இடியாப்பத்துக்கு ஆட்டுக்கால் பாயா. விரலை மோந்து பார்த்துக்கொண்டேன். மறுப்பதற்கில்லை.

வெளியிலேயே நின்றோம். பெனடிக்ட் சாமியார் ஆறாம் நூற்றாண்டில் எழுதிய மடத்து விதியை மச்சான் அவிழ்த்துவிட்டார். நாலுகால் பிராணியின் இறைச்சி கூடாது, நோயாளிக்கு மட்டும் விலக்கு, ஆளுக்குத் தினமும் ஓரளவு ஒயின். "பறவையைப் பத்திப் பேச்சே இல்ல, கவனிச்சீங்களா?" கவனித்தேன். மதத்தில் நான் அவ்வளவு ஆழமாகப் போனது அதுதான் முதல் தடவை.

வெள்ளை முக்காடு போட்ட பெரியவர் ஒருவர் எங்களைப் பார்த்துவிட்டு வந்தார். காலையில் என்ன சாப்பிட்டோம் என்று கேட்டுவிடப் போகிறார் என்று வயிறு கலங்கியது. "சாப்டீங்களா?" என்று மட்டும் கேட்டு, தருமசாலைப் பக்கம் கையைக் காட்டினார்.

பாய்லர் பிரிவிலேயே தலை நரைத்தவன் நான். தருமசாலை அடுப்பைப் பார்த்ததும் பக்தியைவிடத் தொழில்தான் முந்திக்கொண்டது. இருபத்தோரு அடி நீளம். 1867இல் மூட்டிய நெருப்பு இன்னும் அணையவில்லை என்கிறார்கள். எந்த அனல்மின் நிலையமானாலும் ஓவர்ஹாலிங்குக்கு நிறுத்தித்தான் ஆக வேண்டும். திடீரென்று ட்ரிப் ஆனால் ராத்திரி ரெண்டு மணிக்கும் போன் வரும். இங்கே கன்ட்ரோல் ரூம் இல்லை, அலாரம் இல்லை. லுங்கியை மடித்துக் கட்டிய ஒருவர் பெரிய கட்டையைக் காலால் உள்ளே தள்ளிவிட்டு, பக்கத்து ஆளிடம் மாட்டுக்குத் தவிடு என்ன விலை என்று விசாரித்துக்கொண்டிருந்தார். லோடு மட்டும் ஏறிக்கொண்டே இருந்தது. பந்தி நிறைந்து வழிந்தது.

சோறு, சாம்பார், ஒரு பொரியல். ஜாதி, ஊர், டோக்கன் எதையும் யாரும் கேட்கவில்லை. மச்சான் இரண்டாம் முறை சாம்பார் வாங்கினார். அங்கேயும் விருந்தாளியை ஏசுவாகவே நினைத்து வரவேற்கச் சொல்லியிருக்கிறதாம் விதியில். ஆனால் மூன்றாம் முறை சோறு வைக்கச் சொல்லியிருக்கிறதா என்று நான் கேட்டதற்கு அவர் வாய் திறக்கவில்லை. வாய் நிறையச் சோறு.

சாயங்காலம் மேட்டுக்குப்பமும் பார்த்துத் திரும்பும்போது இந்திரா நகரில் பரோட்டாக் கடைக் கல் சத்தம் கேட்டது. மச்சான் காரை ஓரங்கட்டச் சொன்னார். "கோழிக்கு ரெண்டு கால்தானே தங்கச்சி? பெனடிக்ட்டே ஒண்ணும் சொல்லல."

பின்சீட்டிலிருந்து என் மனைவி சொன்னாள்: "அப்ப அவரு ஊருக்கே போய்ச் சாப்பிடுண்ணே. ஏங்க, நீங்க வண்டிய எடுங்க."