விளக்கு தெரியும் தூரத்தில்

கேள்வி: ஆளில்லாத தீவில் திக்கற்று நிற்பதெல்லாம் கதைகளில்தானே? இந்தக் காலத்தில் அப்படி யார் இருக்கிறார்கள்?
– வாசகர், ராயபுரம்

பதில்: தீவே வேண்டாம். காசிமேட்டில் நின்று பாருங்கள். துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்ட கப்பல்கள் தெரியும். 2012 அக்டோபரில் சென்னைக்கு வெளியே அப்படி நின்றதுதான் ‘பிரதிபா காவேரி’ எண்ணெய்க் கப்பல். மாதக்கணக்கில் சம்பளம் இல்லை. சாப்பாடு, குடிநீர், டீசல் எல்லாமே தட்டுப்பாடு. ராபின்சன் குரூசோவுக்காவது தீவில் ஆடும் திராட்சையும் கிடைத்தன! இவர்களுக்கு ராத்திரியில் சென்னையின் விளக்குகள் மட்டும்தான்.

31-ம் தேதி நீலம் புயல் கப்பலை இழுத்துப்போய் எலியட்ஸ் கடற்கரை அருகே தரைதட்ட வைத்தது. பயந்துபோய் உயிர்காப்புப் படகில் இறங்கியவர்களில் ஆறு பேர், படகு கவிழ்ந்து இறந்தார்கள். கப்பலை விட்டு இறங்காதவர்கள் பிழைத்தார்கள். அந்த அலையிலும் கடலில் இறங்கி மாலுமிகளைக் கரைசேர்த்தவர்கள் நம் மீனவர்கள்.

இரண்டு மாதச் சம்பளம் பாக்கி வைத்தாலே மாலுமியைக் கைவிட்டதாகக் கணக்கு என்று சர்வதேச கடல்சார் தொழிலாளர் ஒப்பந்தம் சொல்கிறது. 2017 முதல் நான்கு மாதச் சம்பளத்துக்கும் ஊர் திரும்பும் செலவுக்கும் காப்பீடு கட்டாயம். ஆனாலும் உலகம் முழுக்கக் கைவிடுதல் நிற்கவில்லை. பாக்கி யாருடையது என்ற வழக்கு மெதுவாக நடக்கட்டும். கப்பலுக்குத் தண்ணீரும் அரிசியும் அன்றைக்கே போக வேண்டும்.