லீவு லெட்டர்

தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்த எவரையும் நடுராத்திரியில் தட்டி எழுப்பி, ஆங்கிலத்தில் ஏதாவது சொல்லச் சொல்லுங்கள். கண்ணைத் திறக்காமலே "ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்" என்று ஆரம்பித்துவிடுவார். மூச்சு விடாமல் "யுவர்ஸ் ஒபீடியன்ட்லி" வரை போய்த்தான் மறுபடி படுப்பார். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், திருச்சி மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றின் அரசு ஆண்கள் மேல்நிலைப் பள்ளியில் நான் கற்ற ஆங்கிலத்தில் இன்றுவரை துருப்பிடிக்காமல் இருப்பது இந்த லெட்டர்தான்.

ஆறாம் வகுப்பில் ஆங்கில சார் இதைக் கரும்பலகையில் எழுதிப் போட்டார். எல்லோரும் மனப்பாடம் செய்தோம். அவர் எழுதிய காரணம் காய்ச்சல் என்பதால், எங்கள் வகுப்பில் அதற்குப் பிறகு காய்ச்சலைத் தவிர வேறு எதுவும் யாருக்கும் வரவில்லை. அக்கா கல்யாணத்துக்கு லீவா? காய்ச்சல். தம்பிக்குக் காதுகுத்தா? காய்ச்சல். சமயபுரம் தேருக்கு முதல் நாளே கிளம்ப வேண்டுமா? குடும்பத்தோடு காய்ச்சல். நடவு நேரத்தில் பின்வரிசை முழுவதும் காய்ச்சலில் விழும். காரணத்தை மாற்ற வேண்டுமென்றால் இலக்கணம் தெரிய வேண்டும். அந்த ஆபத்தில் யாரும் இறங்கவில்லை.

ஒருவன் இறங்கினான். உண்மையை எழுத வேண்டும் என்று அவனுக்கு ஒரு பிடிவாதம். ஃபீவர் இருந்த இடத்தில் மட்டும் கைவைத்து, "சஃபரிங் ஃப்ரம் மை சிஸ்டர் மேரேஜ்" என்று எழுதிக் கொடுத்துவிட்டான். சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டி, மறுபடி படித்தார். "இது உன் மாமா எழுத வேண்டிய லெட்டர்டா" என்றார். எங்களுக்கு அர்த்தம் புரியவில்லை. அவரே சிரித்ததால் நாங்களும் சிரித்து வைத்தோம். அதோடு உண்மை எழுதும் வழக்கம் எங்கள் வகுப்பில் ஒழிந்தது.

எந்த அளவுக்கு என்றால், வேப்பமரத்திலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டவன் மாவுக்கட்டோடு நொண்டி நொண்டி வந்து நீட்டியதும் காய்ச்சல் லெட்டர்தான். சார் கட்டைப் பார்த்தார், லெட்டரைப் பார்த்தார், "உடம்பு இப்போ தேவலையா?" என்று கேட்டார். "விட்டுடுச்சு சார்" என்றான். லெட்டர் கோப்பில் சேர்ந்தது.

லெட்டரின் அடியில் பெற்றோர் கையொப்பம் வேண்டும். இங்கேதான் எங்கள் ஊரின் கலைத்திறன் வெளிப்பட்டது. நடுவரிசையில் ஒருவன் யார் அப்பாவின் கையெழுத்தையும் ஒருமுறை பார்த்தால் போதும், அப்படியே போடுவான். கூலி ஒரு தேன்மிட்டாய். ரேங்க் கார்டு கொடுக்கும் வாரத்தில் மட்டும் கூலி ஏறும். ஆனால் நாங்கள் உண்மையில் பொறாமைப்பட்டது அப்பா கைநாட்டு வைக்கும் பையன்களைப் பார்த்துத்தான். கையெழுத்தை ஒத்துப்பார்க்கச் சாருக்குக் கண் போதும். கைநாட்டை ஒத்துப்பார்க்கப் போலீஸ் அல்லவா வர வேண்டும்! பிரில் இங்க்கை ஒரு சொட்டு விரலில் தடவி அழுத்தினால் வேலை முடிந்தது. ஒரே ஒரு தடவை தலைமையாசிரியர் ஒரு ரேகையை உற்றுப் பார்த்துவிட்டு, "உங்கப்பாவுக்கு என்னடா கட்டைவிரல் இவ்வளவு சின்னதா இருக்கு?" என்று கேட்டார். "காய்ச்சல்ல இளைச்சுட்டார் சார்" என்று பதில் வந்தது. அவனை வெளியே அனுப்பிவிட்டு அவர் கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே சிரித்திருப்பார் என்பது என் ஊகம்.

நாமாக எடுக்கும் லீவு ஒரு வகை. தானாக வரும் லீவு இன்னொரு வகை, அதன் ருசியே தனி. அது சர்க்குலரில் வரும். அட்டெண்டர் அண்ணன் நீளமான நோட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு வராந்தாவில் வருவது தெரிந்தால், அசோகர் மரம் நட்டுக்கொண்டிருந்தாலும் சரி, பித்தாகரஸ் முக்கோணம் போட்டுக்கொண்டிருந்தாலும் சரி, வகுப்பு மொத்தமும் ஜன்னல் பக்கம் திரும்பும். எட்டாம் வகுப்பில் நுழைகிறாரா? அங்கே 'ஹே' என்று சத்தம் கேட்கிறதா? கேட்டால் நாளை லீவு. சத்தமே இல்லை என்றால் ஸ்பெஷல் ஃபீஸ். எங்கள் வகுப்பில் அவர் நுழைந்ததும் சார் நோட்டை வாங்குவார். மெதுவாக, உதடு மட்டும் அசையப் படிப்பார். கையெழுத்துப் போடுவார். நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சாக்பீஸை எடுப்பார். "சார், என்ன சார்?" "பாடத்தைக் கவனிடா." பாதி நாள் அது ஆசிரியர் கூட்டம் பற்றியதாக இருக்கும். அதை எங்களிடம் சொல்லித் தொலைப்பதற்கு என்ன? அந்த ஒரு பீரியடில் நடத்திய பாடம் எவன் தலையிலும் ஏறியதில்லை.

மழை லீவு கலெக்டர் கையில் இருந்தது. ஐப்பசி அடைமழையில் தலையில் யூரியா சாக்கைக் கொங்காணி போட்டுக்கொண்டு, புத்தகப் பையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, முட்டளவு தண்ணீரில் நடந்து பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்த பிறகுதான் லீவு என்று சொல்வார்கள். வந்த வழியே திரும்ப வேண்டும். அப்படியும் அந்த லீவில் ஒரு குறையும் சொல்ல மாட்டோம். திரும்பும்போது அதே தண்ணீர் ஆழம் குறைந்துவிட்டதுபோல இருக்கும்.

வைகுண்ட ஏகாதசி லீவுதான் எங்களை ஏமாற்றியது. ஸ்ரீரங்கத்தில் சொர்க்கவாசல் திறப்பதற்காக மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை விடுவார்கள். சந்தோஷம். ஆனால் அந்த உத்தரவிலேயே, அதற்கு ஈடாக ஒரு சனிக்கிழமை பள்ளி வேலைநாள் என்றும் இருக்கும். பெருமாள் கொடுத்ததைக் கலெக்டர் பிடுங்கிக்கொள்ளும் இந்த ஏற்பாட்டை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. அந்தச் சனிக்கிழமை எங்கள் வகுப்பில் காய்ச்சல் கடுமையாக இருக்கும்.

இத்தனை காய்ச்சலுக்கும் அரசாங்கத்திடம் ஒரே ஒரு மருந்து இருந்தது. 1982ல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவு முதலில் சின்னப் பிள்ளைகளுக்குத்தான். 1984ல் 15 வயது வரை என்று நீண்டு உயர்நிலை வகுப்புகளுக்கும் வந்தது. 1989ல் கருணாநிதி ஆட்சியில் இரண்டு வாரத்துக்கு ஒரு வேகவைத்த முட்டை சேர்ந்தது. எங்கள் கரும்பலகையின் மூலையில் தினமும் பதிவு, வருகை என்று இரண்டு எண்களை லீடர் எழுதி வைப்பான். மற்ற நாளெல்லாம் பதிவு 52 என்றால் வருகை 41, 43 என்று ஆடிக்கொண்டிருக்கும். முட்டை நாளில் பதிவு 52, வருகை 52. ஆய்வுக்கு வரும் அதிகாரிகள் அன்று வந்திருந்தால் எங்கள் பள்ளிக்கு விருது கொடுத்திருப்பார்கள். பதினொன்றாம் வகுப்பு அண்ணன்கள் மீசையை மறைத்துக்கொண்டு பத்தாம் வகுப்பு வரிசையில் குனிந்து நிற்பதும் அன்றுதான்.

ஒரு முட்டை நாளில், தம்பி மூலம் காலையில் காய்ச்சல் லெட்டர் கொடுத்தனுப்பியவன் மதியம் தட்டோடு வரிசையில் நின்றான். நெற்றி நிறைய விபூதி, கழுத்தில் துண்டு. ஆயா கரண்டியைத் தூக்கியபடி நிறுத்திவிட்டார்.

"காச்சக்காரனுக்கு முட்டை ஆகாதுடா."

"இப்பத்தான் விட்டுச்சு ஆயா."

ஆயா அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு முட்டையைத் தட்டில் உருட்டிவிட்டார். தூணுக்குப் பின்னால் வகுப்பாசிரியர் நின்றதை அவன் பார்க்கவில்லை. சாப்பிட்டு முடிக்கும்வரை ஒரு வார்த்தை பேசாமல் காத்திருந்தார். பிறகு தோளில் கை போட்டு வகுப்புக்கு அழைத்து வந்து, பிற்பகல் வருகைப்பதிவில் "உள்ளேன் ஐயா" சொல்ல வைத்து, நாலு பீரியடும் முதல் பெஞ்சில் உட்கார வைத்தார். அதில் ஒன்று பி.டி. பீரியடு. அதையும் கணக்கு வாத்தியார் கடன் வாங்கிவிட்டார்.

இப்போது வருகைப்பதிவை ஆசிரியர்கள் கைப்பேசியில் எமிஸ் செயலியில் போடுகிறார்கள். பையன் வராவிட்டால், "சார், தம்பிக்கு ஒடம்பு சரியில்ல" என்று அப்பாவே வாட்ஸ்அப்பில் குரலை அனுப்பிவிடுகிறார். பிள்ளைக்கு அதில் ஒரு வேலையும் இல்லை. ஆகவே பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த முறை உங்கள் பிள்ளைக்கு லீவு வேண்டுமென்றால் கைப்பேசியைக் கீழே வையுங்கள். ஒரு தாளையும் பேனாவையும் கொடுத்து அவனையே எழுதச் சொல்லுங்கள். காய்ச்சல் என்றுதான் எழுதுவான், திருத்தாதீர்கள். கையெழுத்தையும் அவனே பார்த்துக்கொள்வான்.