மருமகனுக்கு முதுகுவலி

வாரும் மருமகனே, திண்ணையில உட்காரும். உம்ம காலேஜ் லைப்ரரிக்கு கோஹாங்கிற சாப்ட்வேர் வந்திருக்காமே? வந்த நாள்ல இருந்து உமக்குக் கண்ணு எரியுது, முதுகு வலிக்குன்னு உம்ம அத்தை சொன்னா. ராத்திரி பன்னெண்டு மணி வரைக்கும் ரீல்ஸ் பாக்கது வேற கண்ணு போல. டீக்கடைப் பத்து ரூவாயக்கூட ஜிபேயில அனுப்புதீரு.

உம்மைக் குத்தம் சொல்லல. எந்தப் புத்தகம் எந்த அலமாரியில, எந்த வாத்தியார் எதைத் திருப்பித் தரலன்னு இத்தனை வருசமா மண்டைக்குள்ளயே வச்சிருந்தீரு. புரொபசரே ஆனாலும் உம்ம மேசை முன்னால வந்து பல்லக் காட்டணும். இப்ப ஓபேக்ங்கிற கம்ப்யூட்டர் பட்டியல்ல தலைப்பைத் தட்டிட்டு, ஒரு பொடிப்பய நேரா அலமாரிக்குப் போயிருதான். வலிக்கது முதுகு இல்ல, மருமகனே.

ஆகஸ்ட் 12 வந்தா நூலகர் தினம்னு சீர்காழி ரங்கநாதன் படத்துக்கு மாலை போடுதீரே, அவரும் உம்ம கட்சிதான் தெரியுமா? 1924ல மெட்ராஸ் யுனிவர்சிட்டி லைப்ரரியனா உட்கார்ந்தவரு, இது நமக்கு ஒத்துவராது, கணக்குச் சொல்லிக் குடுக்கவே திரும்பிப் போறேன்னு நின்னாரு. லண்டனுக்கு அனுப்பிப் படிக்க வச்ச பொறவுதான் மனசு மாறுச்சு. 1931ல அஞ்சு விதி எழுதினாரு. லைப்ரரி வளருத உசுருங்கது அஞ்சாவது. உம்ம லைப்ரரியில வருசா வருசம் மாலைதான் வளருது.

உம்ம நிர்வாகம் மட்டும் யோக்கியமா? ரங்கநாதனை லண்டனுக்கு அனுப்பினாங்க. உங்களுக்கு, காலேஜுக்குத் தரம் போடுத நாக் குழு வாரதுக்கு மொத நாள், சாப்பாட்டு மணிக்கு முன்னால ஒரு பயிற்சி. புத்தக வரவு எழுதின பழைய அக்சஷன் ரெஜிஸ்டர் பூராவும் கம்ப்யூட்டர்ல ஏத்தணுமாம். ஆள் மட்டும் கிடையாதாம்! அந்தக் கோஹா நியூசிலாந்துல ஹோரோவெனுவாங்கிற பக்கத்து லைப்ரரிக்காரங்க கேட்டுச் செய்ய வச்சது. பழைய சாப்ட்வேர் 2000 பொறந்தா படுத்துரும்னு பயந்து புதுசு செஞ்சு, ஊரு உலகத்துக்கும் சும்மா குடுத்துட்டாங்க. (எனக்கு எப்படித் தெரியும்ங்கீரா? பேத்தி செல்போன்ல வாசிச்சுக் காட்டினா.) அங்க லைப்ரரிக்காரன் கேட்டான், வந்துச்சு. இங்க உம்மை யாரு கேட்டா?

திங்கக்கெழம பிரின்சிபாலைப் பாரும். முறையான பயிற்சி வேணும், ஏத்துறதுக்கு ரெண்டு ஆள் வேணும்னு எழுதியே குடும். ஆனா ஒண்ணு, கேட்டதெல்லாம் குடுத்துட்டா அப்புறம் சாக்குச் சொல்ல ஒண்ணும் மிஞ்சாது. அதையும் யோசிச்சுக்கிடும்.