முன்குறிக்கப்பட்ட வசந்தம்: பென்சில்வேனியாவில் கோயிலுக்குப் போகிறவர்களுக்குச் சில யோசனைகள்

மகன் வீட்டுக்கு ஆறு மாதம் தங்க வந்திருக்கிறீர்கள், அல்லது கம்பெனி அனுப்பி வைத்திருக்கிறது. இடம் மேற்குப் பென்சில்வேனியா, பிட்ஸ்பர்க்குக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு சிற்றூர். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகாவிட்டால் உங்களுக்குக் கை கால் ஓடாது. பக்கத்தில் சி.எஸ்.ஐ. என்று ஒன்றும் கிடையாது. தெருமுனையில் ஒரு செங்கல் கோயில், வெள்ளைக் கோபுரம், பிரெஸ்பிட்டேரியன் என்று பலகை. தயங்காமல் உள்ளே போங்கள், சொந்தம்தான். 1908இல் தென்னிந்தியாவில் பிரெஸ்பிட்டேரியன்களும் காங்கிரிகேஷனலிஸ்டுகளும் சேர்ந்து ஒரே சபையானார்கள். 1947 செப்டம்பர் 27 அன்று அந்தச் சபையும் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் சபைகளும் சேர்ந்துதான் தென்னிந்தியத் திருச்சபை என்ற நம் சி.எஸ்.ஐ. பிறந்தது. அன்று மதுரை-இராமநாதபுரம் பேராயராகப் பொறுப்பேற்ற லெஸ்லி நியூபிகின், ஸ்காட்லாந்து சபை அனுப்பிய மிஷனெரி. பேராயரே வேண்டாம் என்கிற வீட்டில் வளர்ந்து பேராயரானவர். ஆகையால் இங்கே நீங்கள் விருந்தாளி இல்லை, பங்காளி. ஆனால் நுழைந்த முதல் வாரமே இதைச் சொல்லிவிடாதீர்கள். சரித்திரம் தெரிந்த ஆள் என்று கமிட்டியில் போட்டுவிடுவார்கள். நான் சொன்னேன்.

வசந்தம் எப்போது தொடங்கும் என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். வெளியே பார்த்தால் தெரியாது; ஏப்ரலிலும் பனி கொட்டும். இந்த வட்டாரத்தில்தான் பங்ஸட்டானி என்ற ஊர் இருக்கிறது. பிப்ரவரி 2ஆம் தேதி அங்கே பெருச்சாளிக்குப் பெரியப்பா மாதிரி ஒரு பிராணியைத் தூக்கிக் காட்டுவார்கள். அது தன் நிழலைப் பார்த்துவிட்டால் குளிர் இன்னும் ஆறு வாரம். உலகத் தோற்றத்துக்கு முன்பே சகலமும் முன்குறிக்கப்பட்டது என்று கால்வின் வழியில் போதிக்கப்பட்ட சபையார்கூட அன்று காலை டிவியை விட்டு நகர மாட்டார்கள். கேட்டால், அந்தப் பிராணியும் முன்குறிக்கப்பட்டதுதானே என்பார்கள்.

அடுத்தது கடிகாரம். மார்ச் மாதத்து இரண்டாம் ஞாயிறு விடியற்காலை இரண்டு மணி, சட்டப்படி மூன்று மணியாகிவிடும். இது தெரியாமல் பத்தரை மணி ஆராதனைக்கு நீங்கள் ஒழுங்காகப் பத்தே காலுக்குப் போய் நிற்பீர்கள். உள்ளே காணிக்கை எடுத்து முடிந்திருக்கும். கூச்சப்பட்டுத் திரும்பாதீர்கள். பக்கவாட்டுக் கதவு வழியாக நேரே காபி கூடத்துக்குப் போங்கள். அந்த ஒரு ஞாயிறு மட்டும் சாக்லேட் டோனட் உங்களுக்கு முதலில் கிடைக்கும்.

உட்காரும் இடம் பற்றி: எங்கே வேண்டுமானாலும் உட்காருங்கள் என்பார்கள். நம்ப வேண்டாம். கடைசி ஏழு வரிசை பரம்பரைச் சொத்து. பட்டா மட்டும்தான் இல்லை. முன்வரிசை ஐந்தும் காலி. அதில் உட்கார்ந்தால் எப்போது எழுந்து நிற்பது என்று பார்த்துச் செய்ய முன்னால் ஆளே இருக்க மாட்டார்கள். சுவரோரமாக நடுவில் ஒரு தூணுக்குப் பின்னால் இடம் இருக்கும். அதுதான் உங்களுக்கு. பிரசங்கம் தொட்டாலும் அல்லேலூயா என்று சத்தம் போடக்கூடாது. தங்களையே ‘உறைந்துபோன தெரிந்துகொள்ளப்பட்டவர்கள்’ என்று கேலி பேசிக்கொள்ளும் கூட்டம் இது. புருவத்தை லேசாக உயர்த்தினால் அதுவே பரவசம்.

கர்த்தருடைய ஜெபத்தில் கவனம் வேண்டும். அமெரிக்காவில் மற்றச் சபையாரில் பலர் குற்றங்களை மன்னிக்கக் கேட்கும் இடத்தில் இவர்கள் கடன்களை மன்னிக்கக் கேட்பார்கள். வேறு கோயிலிலிருந்து வந்தவரை இந்த ஒரு வார்த்தையில் கண்டுபிடித்துவிடலாம். நமக்குப் பிரச்சினை இல்லை. மத்தேயுவின் தமிழிலும் கடன்தான். வீட்டுக் கடனில் இருக்கிறவர்கள் அந்த இடத்தில் சற்று உருக்கமாகச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன்.

இனி கமிட்டி. பேராயர் இல்லையென்றால் கேட்பதற்கு ஆளில்லை என்று எண்ணிவிடாதீர்கள். எல்லாரும் கேட்பார்கள். பிரெஸ்பிட்டேரியன் என்ற பெயரே மூப்பர் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. மூப்பர்களைச் சபையார் தேர்ந்தெடுக்கிறார்கள். ஒரு தவணை மூன்று ஆண்டுக்கு மேல் போகாது, தொடர்ந்து ஆறு ஆண்டுக்கு மேல் நீடிக்கவும் முடியாது. அவர்களும் போதகரும் கூடி உட்கார்ந்தால் அதற்குச் செஷன் என்று பெயர். அதற்கு மேலே வட்டாரத்துக்குப் பிரெஸ்பிட்டரி, அப்புறம் சினாடு, உச்சியில் பொதுப்பேரவை. நம்மூர்த் திருமண்டலத் தேர்தலைப் பார்த்தவர்களுக்கு இதெல்லாம் உடனே பிடிபடும். வேனும் பிரியாணியும் மட்டும் இருக்காது. இன்னொன்று, போதகர் ஐயா எங்கே என்று தேடாதீர்கள். அங்கி போட்டு நிற்கும் அம்மாதான் போதகர். 1956 முதல் இந்தச் சபையில் பெண்களுக்குக் குருப்பட்டம் உண்டு.

வேதாகமத்துக்கு அடுத்தபடி இவர்கள் மதிக்கும் புத்தகம் ஒன்று உண்டு. ஹென்றி மார்ட்டின் ராபர்ட் என்ற ராணுவப் பொறியாளர் 1876இல் வெளியிட்ட கூட்ட விதிகள். 1863இல் நியூ பெட்ஃபர்ட் ஊரில் ஒரு பாப்டிஸ்ட் கோயிலில் கூட்டத்துக்குத் தலைமை தாங்கச் சொன்னார்கள். கூட்டம் அவர் கையை மீறிப் போய்விட்டது. அந்த அவமானத்தில் முளைத்த புத்தகம். சண்டை போட்டவர்கள் பாப்டிஸ்டுகள், மனப்பாடம் செய்தவர்கள் பிரெஸ்பிட்டேரியன்கள். இங்கே தீர்மானத்தை ஒருவர் முன்மொழிய வேண்டும், ஒருவர் வழிமொழிய வேண்டும், பிறகு விவாதம், திருத்தம், திருத்தத்துக்குத் திருத்தம். குளிர்கிறதே, அந்த ஜன்னலைச் சாத்தலாமா என்று பக்கத்தில் இருந்தவரிடம் ஒருமுறை கேட்டேன். கட்டடக் கமிட்டி இரண்டாம் செவ்வாய் கூடுகிறது என்றார்.

கமிட்டியிலிருந்து தப்பிக்க ஒரே வழி: எந்தக் கூட்டத்திலும் ‘ஏன் இப்படிச் செய்யக்கூடாது?’ என்ற மூன்று வார்த்தையை வாயில் கொண்டுவராதீர்கள். சொல்லி முடிப்பதற்குள் நீங்கள் அமைப்பாளர்.

லெந்து தொடங்கியதும் உங்களுக்கு ஒரு குழப்பம் வரும். நெற்றியில் சாம்பல், குருத்தோலை, பெரிய வியாழன், லில்லி என்று எல்லாம் முறைப்படி நடக்கும். இவர்கள் முன்னோர் இதைக் கண்டால் நாற்காலியைத் தூக்கி எறிந்திருப்பார்கள். 1560இல் ஜான் நாக்ஸும் கூட்டாளிகளும் ஸ்காட்லாந்து சபைக்கு எழுதிய ஒழுங்கு நூல் கிறிஸ்துமஸ் உள்ளிட்ட திருநாட்களை ஒழிக்கச் சொன்னது. வெஸ்ட்மின்ஸ்டரில் எழுதி 1645இல் ஏற்கப்பட்ட ஆராதனை நெறியும் ஞாயிறு ஒன்றே போதும், பண்டிகைகளுக்கு வேதத்தில் ஆதாரம் இல்லை என்று முடித்துவிட்டது. ஸ்காட்லாந்தில் கிறிஸ்துமஸ் பொது விடுமுறையானதே 1958இல்தான். அந்த வம்சத்துப் பேரப்பிள்ளைகள் இப்போது ஈஸ்டருக்கு முட்டை ஒளித்து வைக்கிறார்கள். இதைப் பற்றி யாரிடமும் கேட்காதீர்கள். கேட்டால் ‘லெந்தும் நம் மரபும்’ என்று நான்கு வார வகுப்பு எடுக்கச் சொல்வார்கள், நீங்கள் எடுக்க வேண்டும். வெள்ளிக்கிழமை மாலைகளில் கத்தோலிக்கர் கோயில் அடித்தளத்தில் மீன் வறுவல் விற்பார்கள். வரிசையில் நிற்பவர்களில் பாதிப்பேர் நம் மூப்பர்கள். அந்த வாசனைக்கு முன்னால் நாக்ஸே நின்றிருக்க மாட்டார்.

பிள்ளைகளுக்கு மீன் வடிவத்தில் ஓர் அட்டை உண்டியல் கொடுப்பார்கள். 1949இல் தொடங்கிய காணிக்கை அது, பஞ்சத்துக்கும் பேரிடருக்கும் போகிறது. உங்கள் பேரன் கையில் ஒன்று வந்தால், வீட்டில் சில்லறை வைத்த இடத்தை மாற்றுங்கள்.

புதன்கிழமை தோறும் சூப் விருந்து. இங்கேதான் உண்மையான சபை கூடுகிறது. செஷனெல்லாம் அதன் நிழல். நீங்களும் ஒரு வகை கொண்டுபோக வேண்டும். சாம்பார் என்று எழுதி வைத்தால் யாரும் தொட மாட்டார்கள். அதையே பருப்பு சூப் என்று எழுதி வையுங்கள், பத்து நிமிடத்தில் அண்டா காலி. மிளகாயைப் பாதியாக்குங்கள், அதிலும் பாதியாக்குங்கள். கறிவேப்பிலையைப் பார்த்து, இந்த இலையை உண்ணலாமா என்று யாராவது கேட்பார்கள். உண்ணலாம் என்றால் கொத்தாக உண்பார்கள், வேண்டாம் என்றால் பிறகு ஏன் போட்டீர்கள் என்பார்கள். எடுத்துவிட்டுக் கொண்டுபோவது உத்தமம். பிசாசின் பெயரால் அழைக்கப்படும் காரமுட்டை ஒன்று மேசைக்கு வரும். கோயிலுக்குள் இந்தப் பெயரா என்று திகைக்க வேண்டாம். அதில் காரமும் இல்லை, பிசாசும் இல்லை, மயோனைஸ்தான்.

எச்சரிக்கையாக இருக்க வேண்டியது மிஞ்சினதைக் கட்டிக் கொடுக்கும்போது. முதல் வருஷம் ஒரு பாட்டி பச்சைக் கண்ணாடிப் பாத்திரத்தில் நூடுல்ஸும் பாலாடைக்கட்டியும் போட்டுச் சுட்ட எதையோ என் கையில் திணித்துவிட்டார். பாத்திரத்தைக் கழுவி வெறுமனே கொடுக்க நமக்கு மனசு வருமா? எலுமிச்சைச் சாதம் வைத்துக் கொடுத்தேன். அடுத்த வாரம் அதே பாத்திரம் ஆப்பிள் பண்டத்தோடு என் காரின் மேல் உட்கார்ந்திருந்தது. நான் தயிர்சாதம் வைத்தேன். மே மாதம் ருபார்ப் தண்டு போட்ட பை வந்தது. புளிச்சக்கீரைக்குச் சர்க்கரை போட்ட மாதிரி இருக்கும், பழகினால் விட முடியாது. இப்படிப் போனால் பெந்தெகொஸ்தேக்குள் இரண்டு குடும்பமும் ஒரே குடும்பம் ஆகிவிடும். அவகாசம் இல்லாதவர்கள் பிளாஸ்டிக் டப்பாவில் வாங்கிக்கொள்ளுங்கள்.

குருத்தோலை ஞாயிறன்று நீங்கள் நட்சத்திரம். இங்கே ஓலை பெட்டியில் வரும். மெக்சிகோ, குவாத்தமாலா காடுகளிலிருந்து நியாய விலை கொடுத்து வாங்கின சிறு இலை. நம்மூர்க் குருத்தோலையின் விறைப்பு அதில் கிடையாது, ஆனால் மடங்கும். பனங்காட்டில் வளர்ந்தவர்களுக்குச் சிலுவையும் கிளியும் பின்னுவது கை மறக்காத வேலை. ஒன்று பின்னிக் காட்டினால் போதும், நாற்பது பிள்ளைகள் சூழ்ந்துவிடுவார்கள். ஒரு கைத்தாளம் இல்லாத சபையில் அன்று மட்டும் சத்தம் கேட்கும். மீதி ஓலையைத் தூக்கிப் போடாதீர்கள், அடுத்த வருஷத்துச் சாம்பல் அதுதான். அதற்கும் ஒருவர் பொறுப்பு. போன வருஷத்துப் பெட்டியை எங்கே வைத்தோம் என்று அவர் பிப்ரவரியில் தேடுவதைப் பார்க்க வேண்டும்.

பெரிய வியாழன் இரவு மெழுகுவர்த்தியை ஒவ்வொன்றாக அணைத்து இருட்டில் வீட்டுக்கு அனுப்புவார்கள். அதைப் பற்றி வேடிக்கையாக எழுத எனக்கு மனம் வரவில்லை. போய் உட்காருங்கள்.

ஈஸ்டர் லில்லிக்கு ஆராதனைத் தாளில் ஒரு படிவம் வைப்பார்கள்: யார் நினைவாக, யார் கொடுக்கிறார்கள், எத்தனை தொட்டி. இந்தச் செடிக்கான கிழங்குகள் பெரும்பாலும் ஓரிகனும் கலிபோர்னியாவும் சேரும் கடலோரத் துண்டு நிலத்தில்தான் விளைகின்றன. அம்மா நினைவாக ஒரு தொட்டி எழுதினேன். அச்சில் அம்மா பெயரில் பாதி விழுந்துபோய்விட்டது. நீளமான பெயர், கட்டத்துக்குள் அடங்கவில்லை. ஆராதனை முடிந்து உங்கள் தொட்டியை எடுத்துப் போகலாம். பூனை வளர்ப்பவர்கள் வேண்டாம் என்று விடுங்கள், லில்லி பூனைக்கு நஞ்சு.

விடியற்கால ஆராதனைக்கு மலைமேல் கல்லறைத் தோட்டத்தில் கூடுவார்கள். ஈஸ்டர் மார்ச் 22 முதல் ஏப்ரல் 25 வரை எந்த ஞாயிறும் வரலாம். ஏப்ரலில் வந்தால் ஒரு கம்பளி, மார்ச்சில் வந்தால் வீட்டில் இருப்பதெல்லாம். பட்டுச்சேலை கட்டித்தான் ஆக வேண்டும் என்று வீட்டம்மா நின்றால் தடுக்காதீர்கள், மேலே குளிர்கோட்டுப் போட்டதும் கரை மட்டும் தெரியும். நம்மூரில் ஈஸ்டருக்கு விடியுமுன்னே எழுந்து குளித்துப் போவோம், வியர்க்கும். இங்கே எக்காளம் ஊதுகிறவருக்கு உதடு ஒட்டிக்கொள்ளும். சூரியன் உதித்ததாக நம்பி எல்லாரும் பாடுவார்கள். மேகம் விலகாது. பிறகு கூடத்தில் சூடான அப்பமும் பன்றி இறைச்சியும் காபியும். அந்தக் காபியை யாரும் குறை சொல்லாத ஒரே நாள் அது.

மே மாதக் கடைசியில் சமையலறை துப்புரவு. சபையின் அசல் சண்டைகள் அங்கேதான் நடக்கும். அலமாரி நிறைய யாரும் உரிமை கோராத பாத்திரங்கள். எல்லாவற்றையும் பழம்பொருள் விற்பனைக்கு அனுப்பலாம் என்று ஒரு மூப்பர் முன்மொழிந்தார், இன்னொருவர் வழிமொழிந்தார். நான் கடைசி வரிசையில் வாயைத் திறக்காமல் இருந்தேன். அப்போது அந்தப் பாட்டி எழுந்து ஒரு திருத்தம் கொண்டுவந்தார்: ‘பச்சைப் பாத்திரம் நீங்கலாக.’ அடியில் ஒட்டியிருக்கும் வெள்ளைப் பட்டையில் உள்ள பெயர் தன்னுடையது இல்லையாம். அவர் கல்யாணமாகி இந்தச் சபைக்கு வந்தபோதே அந்தப் பெயர்க்காரி கல்லறைத் தோட்டத்தில் இருந்தாராம். பாத்திரம் யார் வீட்டிலாவது எதையாவது நிரப்பிக்கொண்டு சுற்றிக்கொண்டே இருக்கிறதாம். விவாதம் இல்லை. திருத்தம் ஏகமனதாக நிறைவேறியது, செயலர் குறித்துக்கொண்டார்.

இப்போது அது எங்கள் வீட்டில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைக்குள் திருப்ப வேண்டும். புளியோதரை என்று நினைத்திருக்கிறேன், மிளகாய் பாதி.