கடற்கரைக் கமிட்டி

சாந்த்ராகாச்சிச் சேனைக்கிழங்கு தொண்டையை அரிக்காது என்று வங்காளம் முழுக்கப் பெயர். ஊர் இன்று ஹவுரா மாவட்டத்தில், கோனா எக்ஸ்பிரஸ்வேயின் லாரிப் புழுதியைச் சுவாசித்துக்கொண்டு கிடக்கிறது. சேனை விளைந்த மண்ணில் அடுக்குமாடிகள் விளைகின்றன. நான் குடியிருப்பது அப்படி முளைத்த ஒன்றில். கிழங்கு கைவிட்ட வேலையை எங்கள் கட்டடத்தில் துர்கா பூஜை விடுமுறை எடுத்துக்கொண்டது. ஆனி பிறந்தால் போதும், எந்தக் கடற்கரைக்குப் போவது என்ற பேச்சு ஆரம்பித்து எல்லார் தொண்டையையும் அரிக்கும்.

கடலுக்குப் போக நினைப்பவனுக்கு இதைவிடத் தோதான ஊர் அமையாது. ஹவுராவிலிருந்து தெற்கே இறங்கும் வண்டிகள் எங்கள் ஸ்டேஷனைத் தாண்டித்தான் போயாக வேண்டும். சென்னை வரை ஓடும் சில வண்டிகள் இங்கிருந்தே கிளம்புகின்றன. திகா, பாலேஸ்வர், புரி, பிரம்மபூர், விசாகப்பட்டினம், சென்னை என்று ஒரு முழுக் கடலோரத்தையே வாசலில் கொண்டுவந்து கட்டியிருக்கிறார்கள். ஒரே ஒரு ஊர் இருந்திருந்தால் பேசாமல் போய்விட்டு வந்திருப்போம்.

சிறுவயதில் வானொலியில் ஓயாமல் கேட்ட பெயர் வங்கக்கடல். அதன் தென்கிழக்கில் ஏதாவது ஒன்று மையம் கொள்ளும். எங்களுக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. அந்த நன்றியோடு வங்காளத்துக்கு வந்தவனுக்கு ஒரு சேதி காத்திருந்தது. கடலுக்கே தன் பெயரைக் கொடுத்த நாட்டுக்குக் கடற்கரை ரொம்பக் கம்மி. மேற்கு வங்கத்தின் கடலோரம் சுமார் 157 கிலோமீட்டர் என்பது நெடுங்காலக் கணக்கு. தமிழ்நாட்டுக்கு அதைப்போல் ஐந்தாறு மடங்கு உண்டு. இந்த 157-லும் பெரும்பங்கைச் சுந்தரவனம் எடுத்துக்கொண்டது. குளிக்க வருகிறவர்களை அங்கே புலி எதிர்பார்த்துக் காத்திருப்பதால், மிச்சமிருக்கும் மேதினிபூர்க் கரையில்தான் ஒன்பது கோடிப் பேரும் கால் நனைக்க வேண்டும்.

அதனாலேயோ என்னவோ, வங்காளிகள் இந்தப் பிரச்சினையை என்றைக்கோ சுருக்கித் தீர்த்துவிட்டார்கள். திகாவின் தி, புரியின் பு, தார்ஜிலிங்கின் தா. மூன்றும் சேர்ந்து திபுதா. பையில் பணமிருந்தால் தார்ஜிலிங், பக்தி இருந்தால் புரி, இரண்டும் இல்லையென்றால் திகா. உலகம் இதோடு முடிந்தது. மாடிவீட்டு ஜேட்டு, அதாவது வங்காளத்துப் பெரியப்பா, வாழ்நாள் முழுக்க இந்த மூன்று ஊர்களுக்குள்ளேயே சுற்றி வந்து, சகலமும் பார்த்துவிட்ட திருப்தியில் இருக்கிறார். எங்கள் கமிட்டிக்குத் தலைவர் அவர்தான். யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. வயதும் குரலும் சேர்ந்து கொடுத்த பதவி.

கமிட்டியில் ஆளுக்கொரு நிபந்தனை உண்டு. ஜேட்டுவுக்குக் காலையில் சமுத்திரக் குளியல், மத்தியானம் மீனும் சோறும், பிறகு ஒரு தூக்கம். பௌதிக்கு, அதாவது வங்காளத்து அண்ணிக்கு, கடைத்தெரு. முந்திரி, சங்கு வளையல், கோரைப்பாய் இல்லாத கடலை அவர் கடலென்று ஒப்புக்கொள்வதில்லை. என் மனைவிக்குக் கோயில் வேண்டும், டிகாக்‌ஷன் காபி வேண்டும், கால் வைக்கிற மாதிரி பாத்ரூம் வேண்டும். பையனுக்கு சிக்னல். அம்மாவுக்கு லோயர் பெர்த். அதோடு மீன் வாடை கூடாது. கடற்கரையில் மீன் வாடை கூடாது என்பதை அம்மா சாதாரணமாகச் சொல்லுவாள். "திருவல்லிக்கேணியில் இருந்தவரைக்கும் கடல் தெருக்கோடியில் இருந்தது. அதைப் பார்க்க யாராவது டிக்கெட் எடுப்பாளாடா?" என்று கேட்பாள். எனக்கு என்ன வேண்டும் என்று கமிட்டி கேட்டதில்லை. டிக்கெட் எடுப்பது என் பொறுப்பு.

கடலை என்ன செய்வது என்பதிலேயே இரு தரப்புக்கும் ஒத்துப்போகாது. நமக்குக் கடற்கரை என்றால் வெயில் தாழ்ந்தபின் மணலில் உட்கார்ந்து, தேங்காய் மாங்காய் பட்டாணி சுண்டல் தின்று, பாதத்தை மட்டும் நனைத்துக்கொண்டு, செருப்பில் மணலோடு வீடு திரும்புவது. வங்காளிக்குக் கடல் என்பது இறங்குவதற்கு. ரப்பர் டியூபோடு காலை ஒன்பது மணிக்குக் குடும்பத்தோடு கைகோத்து இறங்கினால், பசி எடுத்தால்தான் கரையேறுவார்கள். சாப்பிட்டுத் தூங்கி எழுந்து, சாயங்காலம் காலையில் குளித்த கடல் அங்கேயே இருக்கிறதா என்று பார்க்க மறுபடி வருவார்கள். நாங்கள் அப்போதுதான் முதல் தடவையாக வந்து சேர்ந்திருப்போம்.

முதலில் திகா. ஹவுராவிலிருந்து மூன்றரை, நாலு மணி நேரம். வாரன் ஹேஸ்டிங்ஸ் 1780-லேயே மனைவிக்கு எழுதிய கடிதத்தில் இந்த இடத்தைக் கிழக்கத்திய பிரைட்டன் என்று புகழ்ந்ததாகச் சொல்வார்கள். அப்போது ஊர்ப்பெயர் பீர்குல். அந்த பீர்குல்லைக் கடல் விழுங்கிவிட்டது. பிறகு ஜான் ஃபிராங்க் ஸ்னெய்த் என்ற ஆங்கிலேய வியாபாரி 1923-ல் வந்து இங்கேயே தங்கிவிட்டார். சுதந்திரத்துக்குப் பின் முதலமைச்சர் பிதான் சந்திர ராயிடம் சொல்லிச் சொல்லி இதைச் சுற்றுலாத் தலமாக்க வைத்தவர் அவர். தன் அமைதிக்காக ஒதுங்கி வந்த மனிதர் ஏன் அப்படிச் செய்தார் என்பது எனக்கு இன்றுவரை விளங்காத மர்மம். பூஜை வாரத்தில் திகாவைப் பார்த்தால் அவரே பீர்குல்லோடு போயிருப்பார்.

பழைய திகாவில் கரை அரிக்காமலிருக்கப் பாறாங்கல்லும் கான்கிரீட்டும் போட்டுச் சுவர் எழுப்பியிருக்கிறார்கள். ஏற்றத்தின்போது அலை அதில் மோதி எழும்பும். ஜனங்கள் வரிசையாக உட்கார்ந்து முகத்தில் வாங்கிக்கொள்வார்கள். ஹூக்ளி கொண்டுவந்து கொட்டும் வண்டலால் தண்ணீர் டிகாக்‌ஷன் நிறத்தில் இருக்கும். என் மனைவிக்கு ஊரில் கிடைக்கிற டிகாக்‌ஷன் அது ஒன்றுதான். முகத்துவாரத்தில், மோகனா என்கிற இடத்தில், பெரிய மீன் ஏலச் சந்தை. கடற்கரை முழுக்க வௌவால் மீனும் இறாலும் வறுபட்டுக்கொண்டே இருக்கும். அம்மா முதல் தடவை போனபோது இறங்கியதிலிருந்து ஏறும்வரை புடவைத் தலைப்பை மூக்கிலிருந்து எடுக்கவில்லை. ஆகவே திகாவுக்கு எங்கள் வீட்டில் இரண்டு ஓட்டு எதிராக இருந்தது. ஒன்று மூக்கு, இன்னொன்று கோயில் இல்லாத குறை.

கோயில் குறையை மாநில அரசு தீர்த்து வைத்தது. 2025 ஏப்ரல் 30, அட்சய திருதியை அன்று திகாவில் ஜகந்நாதர் கோயில் திறக்கப்பட்டது. புரிக் கோயிலின் சாயலில் ராஜஸ்தான் மணற்கல்லில் கட்டியது. செலவு சுமார் 250 கோடி ரூபாய். ஒரு குடும்பச் சண்டையை முடிக்க எந்த அரசும் இவ்வளவு செலவழித்திருக்காது. ஆனாலும் முடியவில்லை. "அசல் இருக்கும்போது நகலுக்குப் போவானேன்?" என்றாள் அம்மா. அதை 'தாம்', அதாவது திருத்தலம், என்று அழைத்ததற்கு ஒடிசாவில் எதிர்ப்புக் கிளம்பியபோது, எங்கள் வீட்டிலிருந்தும் தார்மிக ஆதரவு போனது.

புரிக்கு அம்மாவிடம் தனி மரியாதை. ராமானுஜர் அங்கே போய்ப் பூஜை முறையைத் திருத்தப் பார்த்தார். ஜகந்நாதருக்குப் பழைய முறையே பிடித்திருந்தது. இரவோடிரவாகத் தூக்கத்திலேயே அவரைத் தூக்கி ஸ்ரீகூர்மத்தில் கொண்டு விடச் சொல்லிவிட்டார் என்பது வைஷ்ணவர்கள் சொல்லும் கதை. ரிசர்வேஷன் இல்லாமல், ஏறி இறங்கும் சிரமமில்லாமல், புரியிலிருந்து ஆந்திரா போய்ச் சேர்ந்தவர் அவர் ஒருவர்தான். ஜேட்டு விட்டுக்கொடுப்பாரா? சைதன்ய மகாபிரபு புரிக்குப் போனவர் கடைசிவரை அங்கேயே இருந்துவிட்டார் என்பார். வங்காளத்திலிருந்து புரிக்குப் போன பெரும் பயணிகளில் ரிட்டர்ன் டிக்கெட் எடுக்காதவர் அவர்தான் போல.

ஆனால் புரியில் ஜேட்டுவுக்கு ஒரு சங்கடம் இருக்கிறது. கோயில் மடைப்பள்ளிக்குள் வெங்காயம், பூண்டு மட்டுமில்லை, உருளைக்கிழங்கும் தக்காளியும் நுழைய முடியாது. மண்பானைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி விறகடுப்பில் சமைக்கிற மகாபிரசாதத்தை ஆனந்த பஜாரில் உட்கார்ந்து சாப்பிட்டால் எனக்கு வேறெந்தக் கடற்கரையும் வேண்டாம். பிரியாணியிலேயே உருளைக்கிழங்கைத் தேடுகிற கொல்கத்தாப் பக்கத்துக்காரருக்கு அது எப்படிப் போதும்? பிரசாதத்தைக் கண்ணில் ஒற்றிச் சாப்பிட்டுவிட்டு, ஸ்வர்க்கத்வார் பக்கம் மீன்குழம்பு தேடிப் போய்விடுவார். புரிக் கடலும் திகா மாதிரி சாது இல்லை. கரை சட்டென்று இறங்கும், அலை ஆளைச் சுருட்டும். கூம்புத் தொப்பி போட்ட நூலியாக்கள் கையைப் பிடித்துக் குளிப்பாட்டுவார்கள். ஆந்திராவிலிருந்து வந்து குடியேறிய மீனவர்கள், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். என் அரைகுறைத் தெலுங்கை மதித்து ஒருவர் கூலியைக் குறைத்தார். அந்த மகிழ்ச்சியில் நான் அலையைக் கவனிக்கவில்லை.

மந்தார்மணி என்று பையன் ஆரம்பித்தான். பதின்மூன்று கிலோமீட்டர் நீளக் கரை, மணலெல்லாம் சிவப்பு நண்டு, பாராசூட்டில் பறக்கலாம். அறை ஜன்னலைத் திறந்தால் கடல். ஆனால் கடலோர விதிகளை மீறிக் கட்டியதாக அங்கே ஏகப்பட்ட ஹோட்டல்கள் மேல் வழக்கு. முன்பணம் கட்டிவிட்டு நாம் போய்ச் சேரும்போது அறை இருக்குமா, ஜன்னல் மட்டும் இருக்குமா என்று கேட்டேன். விஷயம் அத்தோடு அடங்கியது.

பக்காலியைப் பற்றி நான் பேசத் தொடங்கும்போதே ஜேட்டு கையைக் காட்டி நிறுத்திவிட்டார். அதற்கு சியால்தா போய் வண்டி ஏற வேண்டும். ஹவுராக்காரன் கங்கையைத் தாண்டிப் போய்க் கடல் பார்ப்பது அவருக்கு மானப் பிரச்சினை. பக்கத்து ஃபிரேசர்கஞ்சுக்குப் பெயர் தந்த சர் ஆண்ட்ரூ ஃபிரேசர் லெப்டினன்ட் கவர்னராக இருந்தவர். அங்கே ஓர் உல்லாச ஊரை நிறுவப் பார்த்து, அவருக்கே அது கூடிவரவில்லை என்று ஆதாரம் வேறு காட்டினார்.

எனக்குப் பிடித்தது சண்டிபூர். பாலேஸ்வரிலிருந்து பதினாறு கிலோமீட்டர். இறக்கத்தின்போது அங்கே கடல் ஐந்து கிலோமீட்டர் வரை பின்வாங்கிப் போய்விடும், ஏற்றத்தில் திரும்பி வரும். ஒரு நாளைக்கு இரண்டு தடவை. நாங்கள் ஆட்டோவிலிருந்து இறங்கியபோது சமுத்திரம் வெளியே போயிருந்தது. எப்போது வரும் என்று இளநீர்க்காரரிடம் கேட்டோம். சாயங்காலம் வந்துவிடும் என்று ஆபீசுக்குப் போன வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்கிற மாதிரியே சொன்னார். இருந்த ஈர மணலில் நண்டையும் சிப்பியையும் பார்த்துக்கொண்டு நடந்தால் உலகத்தில் வேறு வேலையே வேண்டாம் போலிருக்கும். கூட்டம் கிடையாது, வறுவல் வாடை குறைவு. பக்கத்தில் ராணுவ ஆராய்ச்சித் துறையின் ஏவுகணைச் சோதனைத் தளம். பெரிய சோதனை என்றால் சுற்றுவட்டார மக்களைத் தற்காலிகமாக அப்புறப்படுத்துவார்கள். இதை நான் பெருமையாகச் சொல்லியிருக்கக் கூடாதோ என்னவோ. "கடலே ஓடிப்போற இடத்துக்கு நாம எதுக்குப் போகணும்?" என்றாள் மனைவி. கமிட்டி அதை ஏகமனதாக ஏற்றது.

இத்தனைக்கும் நடுவில் ஸ்டேஷனை ஒட்டியே எங்கள் ஊர் ஏரி இருக்கிறது. சாந்த்ராகாச்சி ஜீல். குளிர் தொடங்கினால் சீழ்க்கைச் சிறகிகள் ஆயிரக்கணக்கில் வந்து இறங்கும். இமயத்துக்கு அப்பாலிருந்து வருகிற வாத்துகளும் உண்டு. ஆகாயத்தாமரையை அள்ளும்போது பறவைகள் உட்காரக் கொஞ்சம் திட்டுத்திட்டாக விட்டுவைப்பார்கள். அதில் உட்கார்ந்துகொண்டு, எதிரே ரயில் கத்துவதையும் பொருட்படுத்தாமல் அவை தூங்குகின்றன. எந்த ஊரைவிட்டுத் தப்பிக்க நாங்கள் மாதக்கணக்கில் வாக்குவாதம் செய்கிறோமோ, அந்த ஊரை இவ்வளவு தூரம் பறந்து வந்து தேர்ந்தெடுத்திருக்கின்றன. அவற்றுக்குள் ஜேட்டு யாரும் கிடையாது போலும்.

எல்லாவற்றுக்கும் மேலே நிம்னசாப் இருக்கிறது. நம்மூர் காற்றழுத்தத் தாழ்வுதான். அக்டோபரில் கடற்கரையைத் தேர்ந்தெடுக்கிறவர்கள் நாம் மட்டும் இல்லை, புயலும் அதே வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டுதான் யோசிக்கிறது. 2013-ல் பைலின் பிரம்மபூர்ப் பக்கத்துக் கோபால்பூருக்குப் போனது. 2019 மே மாதம் ஃபானி புரிக்குப் போனது. 2021-ல் யாஸ் பாலேஸ்வர்ப் பக்கம் கரையேறி, திகாவையும் நனைத்துவிட்டுப் போனது. 2024 அக்டோபரில் டானா. பார்க்கப்போனால் எங்கள் பட்டியலும் அவற்றின் பட்டியலும் ஒன்று. அவை மட்டும் முடிவெடுத்துவிடுகின்றன.

ஒருவழியாக இந்த வருஷம் கமிட்டி புரிக்கு இறங்கி வந்தது. ரயில்வே முன்பதிவை 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைத்து வைத்திருப்பதால், பயணத்துக்கு அறுபது நாள் முன்னால் காலை எட்டு மணிக்கு விரலை ஓங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். எட்டு அடித்துச் சில நிமிஷத்தில் புரி வண்டி வெயிட்டிங் லிஸ்ட். மேற்கு வங்கம் மொத்தமும் அதே முடிவுக்கு வந்திருந்தது. திகா வண்டியிலும் கதை அதேதான். அதே தண்டவாளத்தில் அதே திசையில் போகிற ஒரு சென்னை வண்டியில் மட்டும் இடம் இருந்தது.

மனைவி எட்டிப் பார்த்தாள். "பெசன்ட் நகர்ல எங்க அண்ணா வீடு சும்மாதானே இருக்கு" என்றாள். எலியட்ஸ் கடற்கரை, கரையிலேயே அஷ்டலட்சுமி கோயில், வீட்டிலேயே காபி ஃபில்டர், வீட்டு பாத்ரூம். சுமார் 1,660 கிலோமீட்டர் என்பதைத் தவிர ஆட்சேபிக்க ஒன்றுமில்லை. அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். பார்த்தசாரதியைப் பார்த்துவிட்டு வரலாமாம்.

செய்தி மாடிக்கு எப்படிப் போனதென்று தெரியாது. ஜேட்டு கையில் ஒரு கோப்போடு வந்தார். வேலூர் ஆஸ்பத்திரியில் முழங்காலைக் காட்ட ரொம்ப நாளாக நினைத்திருந்தாராம். பாதி வங்காளம் வேலூருக்குப் போகிறது, அவர் போவதில் ஆச்சரியமில்லை. திபுதாவில் ஒரு வே சேர்த்துக்கொண்டால் ஆயிற்று.

"அந்தக் கடலில் குளிக்கலாமா?"

"கூடாது ஜேட்டு, இழுத்துக்கொண்டு போய்விடும்."

"மீன்?"

"கடற்கரையிலேயே வறுத்துத் தருவார்கள்."

அம்மா தலைப்பை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டாள். ஜேட்டு சற்று யோசித்தார். "சரி, மத்தியானத் தூக்கத்துக்கு ஆட்சேபணை இல்லையே?" என்று கேட்டு உறுதி செய்துகொண்டு, ஆதார் அட்டையை நீட்டினார். அவருக்கு லோயர் பெர்த், அம்மாவுக்கு லோயர் பெர்த், பௌதிக்கும் முட்டி வலி என்பதால் லோயர் பெர்த். எனக்கு அப்பர் கிடைத்தது, அதுவும் ஆர்ஏசியில் இல்லாமல்.