இரவுப் பாலையில் இருவர் ஊர்தி: திணை, பொழுது, கூற்று

தமிழில் இன்னும் ஆராயப்படாத பொருள் ஒன்று மிச்சமிருக்கிறது என்றால், அதற்குக் கருத்தரங்கு வைக்க யாருக்கும் பயணப்படி கிடைக்கவில்லை என்று பொருள். இருவர் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து, இரும்புக் கூண்டுக்குள் வாரால் இறுக்கிக் கட்டிக்கொண்டு, மணல்மேடுகளில் விடிய விடிய ஓட்டும் நாலுசக்கர வண்டி அப்படி விடுபட்ட பொருள். விற்பவர்கள் இதைச் சைடு-பை-சைடு என்கிறார்கள், ஜெய்சல்மேர் பக்கத்துச் சாம் மணல்மேட்டுக் கூடாரக்காரர்கள் பக்கி என்கிறார்கள். இவ்வாய்வு 'இருவர் ஊர்தி' என்றே வழங்கும். பெயர் வைத்தாலே பாதி ஆய்வு முடிந்தது என்பது துறையில் உள்ளோர் அறிந்ததே.

ஆய்வுக்களம் டெல்லி, புசா ரோடு. பாலைநில ஆய்வை மெட்ரோ தூணுக்கடியில் நடத்தலாமா என்று கேட்பவர்கள் சிலப்பதிகாரத்தைப் புரட்ட வேண்டும். பாலைக்கென்று தனி நிலம் கிடையாது, முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் திரிந்தால் அதுவே பாலை. புசா ரோட்டின் முதுகில் இருக்கும் ரிட்ஜ் காடு அரவல்லி மலைத்தொடரின் வடகோடி, ஆகவே குறிஞ்சி. மே மாதத்தில் அது திரிவதை நேரில் காணலாம். போதாததற்கு, ஆந்திப் புயல் அடிக்கும் மாலையில் ராஜஸ்தான் பக்கத்துப் புழுதி தானே கிளம்பி வந்து என் அலமாரியில் நச்சினார்க்கினியர் மேல் படிகிறது. களம் ஆய்வாளரைத் தேடி வரும்போது ஆய்வாளர் களத்துக்குப் போவது மரியாதையல்ல. தவிரவும், ஜெய்சல்மேர் ரயிலில் வெயிட்டிங் லிஸ்ட்.

இன்னொரு காரணமும் உண்டு. கரோல் பாக் பக்கம் திரும்பினால் நாயிவாலாவில் ஹெல்மெட், முழங்கால் கவசம், பெட்ரோல் டின், புழுதிக் கண்ணாடி எல்லாம் தொங்குகின்றன. லடாக் போகிறவர்கள் வாங்குவதைத்தான் மணலுக்குப் போகிறவர்களும் வாங்குகிறார்கள். தலைவன் புறப்படுமுன் வேலும் வில்லும் திருத்திக்கொள்ளும் துறை இது. பேரம் பேசுவது தனித்துறை.

வரலாறு சுருக்கம். வண்டியின் மூதாதை வயலில் பிறந்தது. கவாசாக்கியின் மியூல் 1988இல் பண்ணை வேலைக்கென வந்தது. 2007இல் போலாரிஸ் ஆர்இசட்ஆர் வந்தபின்தான் அது மணலில் கூத்தடிக்கக் கற்றது. 2017இல் டகார் ராலி இதற்குத் தனிப்பிரிவு தந்தது. நம் நாட்டில் போலாரிஸ் 2020இல், இருவர் ஊர்தியின் பங்காளியான ஸ்போர்ட்ஸ்மேன் 570 வண்டிக்கு 'டிராக்டர்' என்று சான்று வாங்கி ரோட்டில் இறக்கியது. நிற்க. 1905இல் பீகாரில் புசா என்னும் ஊரில் தொடங்கிய வேளாண் ஆராய்ச்சி நிலையம், 1934 பூகம்பத்தில் இடிந்து, 1936இல் ஊர்ப்பெயரையும் தூக்கிக்கொண்டு டெல்லிக்கு வந்தது. உழவுக்குப் பிறந்த வண்டி மணலுக்குப் போயிற்று, உழவு நிலையம் புசா ரோட்டுக்குப் பெயர் தந்தது. இவ்விரண்டுக்கும் தொடர்பு உண்டென்று நிறுவ மூன்றாண்டு உதவித்தொகை போதும்.

இனி பொழுது. தொல்காப்பியம் பாலைக்கு நண்பகலைத் தருகிறது. யாமம் குறிஞ்சிக்கு உரியது. எனவே நள்ளிரவில் மணல்மேட்டில் வண்டி ஓட்டுகிறவர் இடத்தால் பாலையிலும் பொழுதால் குறிஞ்சியிலும் இருக்கிறார். மேலைநாட்டாரும் இதில் இரு கட்சி. 1967இல் தொடங்கிய மெக்சிகோவின் பாஹா பந்தயம் இரவு பகல் பாராமல் ஓடும். டகாரிலோ 2024இல் புகுத்திய 48 மணி நேரக் கட்டத்தில், மாலை 4 மணி அடித்ததும் கண்ணில் படும் முதல் முகாமில் வண்டியை நிறுத்தி, செல்போன் இல்லாமல் கூடாரத்தில் படுத்துவிட வேண்டும். 4 மணி நெய்தலுக்குரிய எற்பாடா என்று இங்கே கேட்கக்கூடாது. எற்பாடு காலையா மாலையா என்பதற்கே பழைய அடிதடி ஒன்று இருக்கிறது.

ஓட்டுகிறவர்கள் இரவை விரும்புவதற்குக் காரணம் திணையல்ல, பெல்ட். இவ்வண்டியில் கியர் மாற்றும் வேலையை, இரண்டு கப்பிகளுக்கு நடுவே ஓடும் ரப்பர் பெல்ட் ஒன்று பார்த்துக்கொள்கிறது. சக்கரம் மணலில் புதைய, ஓட்டுகிறவர் ஆக்சிலரேட்டரை மிதிக்க, பெல்ட் வழுக்கிச் சூடேறும். முதலில் கருகல் நாற்றம், பிறகு 'பட்' என்றொரு சத்தம், பிறகு மௌனம். உறையைக் கழற்றினால் உள்ளே கறுப்பு நார் நாராகச் சுற்றிக் கிடக்கும். கை வைக்கும் அளவுக்கு ஆறும்வரை உட்கார்ந்திருந்து மாற்றுப் பெல்ட்டைப் போட வேண்டும். நண்பகலில் இத்துன்பம் அதிகம், இரவில் குறைவு. பாலையின் துயரத்துக்கு நண்பகலே பொழுது என்று வகுத்த தொல்காப்பியர் ரப்பர் பெல்ட்டை அறிந்திருந்தார் என்பது இதனால் பெறப்படும். இதைவிட மெலிந்த சான்றின்மேல் விமானமும் அணுவும் ஏறி நின்றிருக்கின்றன.

கருப்பொருள். தெய்வம் கொற்றவை: ஜெய்சல்மேருக்கு அப்பால் எல்லையோரத்தில் எல்லைப் பாதுகாப்புப் படையினர் பூசை செய்யும் தனோட் மாதா இருக்கிறாள், விவாதம் முடிந்தது. மரம் வன்னி, விருத்தாசலத்தில் தலமரம், ராஜஸ்தானில் மாநில மரம். பறவை கானமயில்: அழியும் நிலையில் இருப்பது, இதைக் கண்டால் வண்டியை அணைத்துவிட வேண்டும், ஆய்வையும் அணைத்துவிடலாம். உணவு வழிப்பறியில் வந்தது: கூடார முகாமின் ரசீதைப் பார்த்தவர் மறுக்கமாட்டார்.

உரிப்பொருள்தான் சிக்கல். பாலைக்குப் பிரிதல். ஆனால் பக்கத்து இருக்கையில் இருப்பவரும் நாமும் ஐந்து முனை வாரால் கட்டுண்டு கிடக்கும்போது எங்கே பிரிவது? ஆகவே இது உடன்போக்கு. அப்படியானால் கூற்று யாருடையது என்ற கேள்வி எழுகிறது. இதற்கு மூலச்சான்றாகக் கிடைப்பது, கரோல் பாக்கில் குடியிருக்கும் தமிழ்த் தம்பதி சாமிலிருந்து கொண்டுவந்த செல்போன் ஒலிப்பதிவு. எஞ்சின் ஓலத்துக்கு நடுவே அதில் தெளிவாகக் கேட்பது இரண்டே சொல்: "ஏங்க, பள்ளம்!"

இடம் மணல்மேட்டு உச்சி. பகலில் நிழல் விழுந்து மேட்டின் விளிம்பு தெரியும். இரவில் முகப்பு விளக்கு எல்லாவற்றையும் ஒரே வெள்ளையாக்கிவிடும். உச்சிக்கு அப்பால் செங்குத்துச் சரிவா சமதளமா என்பது, முன்சக்கரம் இறங்கிய பிறகே தெரியவரும். எதிர்ச்சரிவில் ஏறுகிறவனுக்குத் தெரியட்டும் என்றுதான் வண்டியின் பின்னால் நெடிய கம்பு நட்டு, உச்சியில் கொடியும் எல்இடி விளக்கும் கட்டுகிறார்கள். இச்சூழலில் எழுந்த மேற்படிக் கூற்றுக்கு மூன்று உரைகள் உள்ளன.

ஓட்டுநர் உரை: இது தலைவி கூற்று. மேட்டைப் பள்ளம் என்றது அன்பு மிகுதியால் வந்த வழுவமைதி. 'ஏங்க' என்பது அசைநிலை, பொருளின்று.

பக்கத்து இருக்கை உரை: அற்றன்று. பள்ளம் பள்ளமே, பின்னர் வண்டி புரண்டமையான் என்க. 'ஏங்க' அசைநிலையாயின் ஓட்டுநர் திரும்பிப் பார்த்தது எற்றுக்கு? பார்த்தமையாலன்றோ புரண்டது.

பின்வண்டி உரை: புழுதியால் எமக்கு ஒன்றும் கேட்டிலது. ஆயினும் முன்னிருவர் கூறியதும் பொருந்தாது.

நாயிவாலாப் பஞ்சர் கடைப் பிரதியில் 'ஏங்க' இல்லை, 'பள்ளம்' மட்டுமே உண்டு. ஸ்டெப்னி டயரின் உட்புறம் சாக்குக்கட்டியால் எழுதப்பட்ட ஏட்டிலோ இக்கூற்றுக்குப் பின் 'நான் அப்பவே சொன்னேன்' என்றோர் அடி மிகுதி. அது இடைச்செருகல் என்பார், திருமணமாகாத பதிப்பாசிரியர். இன்னும் பழையது எனக் கருதப்படும் பெல்ட் உறைச் சாசனம் (மார்க்கர் எழுத்து, பாதி உருகியது, முதலில் படித்தவர் கண்ணாடி போடாமல் படித்தார், இரண்டாமவர் முதலாமவரை மறுக்கவென்றே படித்தார், மூன்றாமவர் இருவரையும் படிக்காமல் அணிந்துரை வழங்கினார்) 'பள்ளம்' என்பதைப் 'பல்லவம்' என்று காட்டுகிறது. இதனால் வண்டி மகேந்திரவர்மன் காலத்தது என்று நிறுவ ஒரு குழு புறப்பட்டிருப்பதாகக் கேள்வி.

எண்வகை மெய்ப்பாடும் ஒரே மேட்டில் நிகழ்வது இத்துறையின் சிறப்பு. ஏறும்போது பெருமிதம், உச்சியில் மருட்கை, சரிவில் அச்சம், புரண்டதும் அழுகை, கூண்டு காப்பாற்றியதும் உவகை, தலைகீழாகத் தொங்கும் கணவனைக் கண்டு நகை, அதைக் கண்டு அவருக்கு வெகுளி, பின்வண்டிக்காரர்கள் படம் எடுக்கையில் இளிவரல். செவிலி மட்டும் களத்தில் இல்லை. அவர் புசா ரோட்டு மூன்றாம் மாடியில் செல்போனை வைத்துக்கொண்டு, கண்டோரை வினவ வழியின்றி, 'ரீச்சே ஆகமாட்டேங்குது' என்கிறார்.

இக்கட்டுரையை வாசித்த புறத்தேர்வாளர் ஒரே ஒரு கேள்வி எழுதி அனுப்பினார்: ஆய்வாளர் எப்போதாவது அந்த வண்டியில் ஏறியதுண்டா? உடன்போக்குக்கு உரை எழுதிய எவரும் உடன்போக்குப் போனதாகச் சான்றில்லை என்று பதில் போட்டிருக்கிறேன்.