பத்தொன்பது டிகிரி முசியே

ஐப்பசி அடைமழை ஓய்ந்து நாலு நாள் வெயில் அடித்தால் புதுச்சேரியில் எங்கள் மேட்டுப்பாளையத்துக்கு இரண்டு வரவு உண்டு. ஒன்று ஈசல். மற்றொன்று பிரான்சிலிருந்து வரும் முசியே. ஈசல் விளக்கைத் தேடி வரும். முசியே எரிகிற விளக்கை அணைக்கவென்றே வருவார்.

கடற்கரைப் பக்கம் போனால் மஞ்சள் சுவரும் காகிதப்பூவுமாகப் பிரெஞ்சு வாடை அடிக்கும். எங்கள் பக்கம் பிப்டிக் தொழிற்பேட்டையும் லாரி முனையமும். அடிப்பதெல்லாம் டீசல் வாடை. இந்த டீசலுக்கு நடுவிலும் தெருவுக்கு ஒரு முசியே வீடு இருக்கும். மாடியில் டிஷ் ஆன்டெனா, வாசலில் இரும்புக் கேட், எட்டு மாதம் பூட்டு.

எங்கள் தெரு முசியேயின் அப்பா சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இந்தோசீனா பார்த்தவர். 1962 ஆகஸ்ட் 16-இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுவோர் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். எழுதிக் கொடுத்தார். அந்த ஒரு கையெழுத்தில் மகன் பாரீசுப் புறநகருக்குப் போய், முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்து, பென்ஷனும் முட்டி வலியும் வாங்கினார்.

நவம்பரில் ஏன் வருகிறீர்கள் என்று கேட்டால் சொந்த மண், குலதெய்வம், பேரப்பிள்ளைக்குத் தமிழ் என்று மூன்று காரணம் சொல்வார். பேரப்பிள்ளை ஒரு தடவைகூட வந்ததில்லை. உண்மையான காரணத்தை அவர் மனைவி மதாம் சொல்வார்கள்: "கேஸ் பில்லு, தம்பி."

அங்கே வீட்டைச் சூடாக்குவது சும்மா இல்லை. ஜனவரியில் பாரீசின் சராசரி வெப்பம் 5 டிகிரி அளவில்தான். வீட்டுக்குள் கேஸில் ஒரு கொதிகலன். அது காய்ச்சும் தண்ணீர் அறைக்கு அறை சுவரோரம் நிற்கும் ரேடியேட்டருக்குள் ஓடும். எவ்வளவு சூடு என்பதற்குச் சர்க்காரே அளவு வைத்திருக்கிறது: 19 டிகிரி. எண்ணெய் நெருக்கடிக் காலத்தில், 1979-இல் வந்த விதி. ஊரார் மறந்துபோயிருந்ததை 2022-இல் உக்ரைன் போரும் கேஸ் விலையும் நினைவூட்டின. டையைக் கழற்றிவிட்டுக் கழுத்து மூடிய ஸ்வெட்டர் போட்டுக்கொள்ளப் போவதாக நிதி மந்திரி வானொலியில் சொன்னார். நாடே சிரித்தது. முசியே சிரிக்கவில்லை. அவர் இருபது வருஷமாக வீட்டுக்குள் ஸ்வெட்டர், அதன்மேல் சால்வை, தலையில் மதாம் பின்னிய குல்லா.

ஒரு டிகிரி குறைத்தால் செலவில் 7 சதவீதம் மிச்சம் என்பது அந்நாட்டு ஆற்றல் நிறுவனமான அதெம் சொல்லும் கணக்கு. முசியேக்கு இது வேதம். ஊருக்குக் கிளம்பும் அன்று தெர்மோஸ்டாட்டைப் பனிப்பூ படம் போட்ட இடத்துக்குத் திருகிவிடுவார். குழாய்த் தண்ணீர் உறையாமல் இருக்க 8 டிகிரி காட்டினால் போதும். பத்தொன்பதில் எட்டு போனால் பதினொன்று, பதினொன்றை ஏழால் பெருக்கினால் எழுபத்தேழு. "எழுபத்தேழு பர்சென்ட் தம்பி!" இப்படிப் பெருக்கலாமா என்று கேட்கக் கூடாது. கேட்டவன் நான். அன்று காபி வரவில்லை.

இன்னொரு நாள் கேஸில் மிஞ்சுவதையும் இரண்டு பேர் விமான டிக்கெட்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டினேன். டிக்கெட் வெகு தூரம் முன்னால் நின்றது. முசியே கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். "டிக்கெட்டு செலவு. கேஸு நஷ்டம். ரெண்டும் வேற வேற."

இவரை லாரி முனையத்துப் பக்கம் டீக்கடையில் பார்க்க வேண்டும். குளிர்காலத்தில் ரேடியேட்டரை எப்படிப் பராமரிப்பது என்று பிரசங்கம் ஆரம்பிப்பார். சுற்றி டிரைவர்களும் மெக்கானிக்குகளும். ரேடியேட்டர் என்றால் அவர்களுக்கும் உயிர்.

"உள்ள காத்து அடச்சிக்கும். திருகாணிய மெதுவா தொறந்தா புஸ்ஸுன்னு போவும். அப்பறம் தண்ணி சொட்டும். ஒடனே மூடிடணும்."

"கரெக்டு மாமா, ஏர்லாக்கு" என்பார் சேலத்து டிரைவர்.

"அப்பதான் நல்லா சூடாவும்."

டீக்கடை மௌனமாகிவிடும். சூடாகாமல் இருக்கத்தானே ரேடியேட்டர்? எஞ்சின் சூட்டை வெளியே கொட்டுவதற்கு இவர்கள் வைத்திருக்கும் சாமானை, அவர் நடுவீட்டில் நிறுத்திக் குளிர்காய்கிறார் என்பது விளங்க இன்னொரு டீ ஆகும். அந்த டீக்கும் முசியே காசு கொடுக்க மாட்டார்.

பழக்கம் பொல்லாதது. இங்கே வந்தும் பொழுது சாய்ந்தால் ஜன்னல் கதவு அத்தனையும் அடைப்பார். ராத்திரி ஜன்னலை மூடினால் உள்ளே இருக்கும் சூடு வெளியே போகாதாம். போனால் தேவலை என்று நாங்கள் திண்ணையில் விசிறிக்கொண்டிருப்போம். கதவடி இடுக்கில் பழந்துணி திணிப்பார். பிரான்சில் குளிர்காற்றுக்கு வைத்த அந்தத் துணிச்சுருள் இங்கே கரப்பானுக்கு ஆகிறது, அந்த மட்டும் லாபம். வாஷிங் மெஷினை இரவு பதினொன்றுக்குத்தான் போடுவார். அங்கே நாளில் 8 மணி நேரம், பெரும்பாலும் ராத்திரியில், மின்சாரம் மலிவு. எங்கள் தெரு மீட்டருக்கு இரவும் ஒன்றுதான் பகலும் ஒன்றுதான். ஆனாலும் பதினொன்றுக்கு அது கடகடக்கும், நாய்கள் குரைக்கும், நாங்கள் எழுந்து தண்ணீர் குடிப்போம்.

மார்கழி விடியலில் எங்கள் ஊர்க் குளிர் 20, 21 டிகிரி. அதற்கே பால்காரர் மங்கிக் குல்லா, கோலம் போடுகிறவர்கள் முக்காடு, என் மாமியார் காதில் பஞ்சு. முசியே அரைக்கால் சட்டையோடு நடந்து வருவார். "இதுக்குப் போயி குளுரா?" என்று எங்களைப் பார்த்துச் சிரிப்பார். அது நியாயமான சிரிப்பு. பத்து மணிக்கு மேல் எங்கள் முறை.

வெயில் ஏறியதும் அவருக்கு ஆகாது. வியர்க்கும், படபடக்கும், மதாமைத் திட்டுவார். உடனே ஏ.சி. 2020 முதல் இந்தியாவில் விற்கும் நட்சத்திரக் குறியிட்ட ஏ.சி., போட்டதும் 24 டிகிரியில் நிற்கும்படி வைத்திருக்கிறார்கள், மின்சாரம் மிச்சப்படட்டும் என்று. முசியே ரிமோட்டை எடுத்து 23, 22, 21 என்று இறக்கிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிற்பார். எந்த எண் என்று உங்களுக்கே தெரியும். அங்கே கேஸை எரித்து ஏற்ற மனம் வராத பத்தொன்பதை இங்கே கரண்டை எரித்து இறக்குகிறார். இறக்கிவிட்டு, குளிர்கிறது என்று ஸ்வெட்டரைப் போட்டுக்கொள்கிறார். பெட்டியில் கொண்டுவந்ததாயிற்றே.

ஒரே ஒரு இரவு மட்டும் அவர் எந்த டிகிரியையும் கேட்கவில்லை. 2024 நவம்பர் 30, ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையேறியது. ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழை. கரண்டு இல்லை, தெருவில் முழங்கால் தண்ணீர். எங்கள் மாடியில் மெழுகுவத்தி வெளிச்சத்தில் மதாமும் அவரும் ரவை உப்புமா சாப்பிட்டார்கள். அந்த நேரத்திலும் மகன் போனில் வந்தான். "அந்தப் பனிப்பூ அப்படியே இருக்குதா பாரு" என்றார்.

மார்ச் கடைசியில் கிளம்புவார். அங்கே வசந்தம், இங்கே வாசலில் கால் வைக்க முடியாது. சாவியை என்னிடம் கொடுத்து, மெயின் சுவிட்சை அணைத்து, அணைத்ததை இரண்டு தடவை பார்த்துவிட்டு டாக்சி ஏறுவார். மார்ச் மாதத்து ஏ.சி. பில் ஏப்ரலில் வரும். போன வருஷம் கட்டியது நான். ரசீதைப் படம் எடுத்து அனுப்பினேன். "எத்தனை யூனிட்?" என்று பதில் வந்தது. பணம் இன்னும் வரவில்லை.